ஒரு பாக்கெட் கல்லுப்பும் பரப்புக் கவர்ச்சியும்

1

இந்தக் கதை 'கவர்ச்சி' என்ற சொல்லிலிருந்து பிறந்தது. உடனே நிமிர்ந்து உட்காராதீர்கள். நீங்கள் நினைக்கிற கவர்ச்சி இல்லை. நானும் முதலில் அப்படி நினைத்துத்தான் ஏமாந்தேன்.

செஞ்சியில் தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா நகலுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் நடுவில் கிடைக்கிற நேரத்தில் கதை எழுதுவேன். மார்கழியில் ஒருநாள் எங்கள் தெருப் பெண் இக்ரா கடைக்கு வந்தாள். வேதியியலில் ஆராய்ச்சி செய்கிறாள். ஆராய்ச்சி முழுக்க இங்கிலீஷில்தான். ஆனால் தமிழில் ஒரு சுருக்கம் வேண்டும் என்று கல்லூரியில் கேட்டார்களாம். எழுத்துப்பிழை பார்த்துத் தரச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். தலைப்பைச் சத்தமாகப் படித்தேன்: 'கனிமப் பரப்புகளில் உலோக அயனிகளின் பரப்புக் கவர்ச்சியில் உப்புச் செறிவின் விளைவு.'

"அம்மாடி, கவர்ச்சின்னு தப்பா அடிச்சிருக்குது பாரு" என்றேன்.

அச்சுப்பிழை இல்லையாம். தண்ணீரில் கரைந்திருக்கும் உலோகம் கல்லின் மேலோ மண்ணின் மேலோ போய் ஒட்டிக்கொள்வதற்குப் பாடப்புத்தகத்திலேயே அதுதான் பெயராம். நான் சிரித்தேன். ரேஷன் கார்டு நகலுக்காக நின்றிருந்தவரும் சிரித்தார். இக்ராவுக்கு மூக்கு சிவந்துவிட்டது.

"சிரிக்கறீங்க இல்ல? கதை எழுதறவர்தான நீங்க? இத்தக் கதையா எழுதுங்க பாக்கலாம்."

என்னைக் கேட்காதவர்கள் இல்லை. எழுத்தாளனுக்குச் சொல்ல எல்லோரும் ஒரு கதை வைத்திருப்பார்கள், அதை எழுதச் சொல்வார்கள். ஆனால் முடியாது என்று நினைத்துக்கொண்டே எழுதச் சொன்னவள் இவள் ஒருத்திதான். ரோஷம் வந்துவிட்டது. பேப்பரை எடுத்தேன்.

2

முதல் தொடக்கம்: 'ராஜகிரிக் கோட்டையின் உச்சியில் மேகம் ஒன்று களைத்து அமர்ந்திருந்தது. கீழே, நூற்றாண்டுகளின் செம்மண்...'

[இதை இங்கேயே விட்டுவிட்டேன். செஞ்சிக்காரன் எதை எழுதினாலும் கோட்டையில் ஆரம்பிப்பது ஒரு வியாதி. அதுவுமில்லாமல் கோட்டை மண்ணை அள்ளினால் காவலாளி விசில் ஊதிக்கொண்டு ஓடிவருவார். இக்ரா மண் எடுத்தது தொண்டூர் போகிற வழியில், தெரிந்தவர் கொல்லையில்.]

இரண்டாவது தொடக்கம்: 'நான் ஒரு நிக்கல் அயனி. எனக்குச் சொந்தபந்தம் கிடையாது. இந்தப் பரந்த நீர்வெளியில்...'

இதை இக்ரா படித்தாள். பேப்பரைத் திருப்பிப் பின்பக்கத்தில் ஏதோ கணக்குப் போட எடுத்துக்கொண்டாள். விமர்சனம் புரிந்தது.

மூன்றாவது தொடக்கத்துக்காக அவளை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து, எனக்குப் புரிகிறவரை சொல்லச் சொன்னேன். டீ மூன்று தடவை வந்தது.

3

அமாவாசை. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற ஸ்பெஷல் பஸ் வந்து நிற்கிறது. நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டுகள் உள்ளே பறக்கின்றன. துண்டு போட்டால் சீட்டு பிடித்தாயிற்று என்பது நம் நாட்டுச் சட்டம்.

பஸ்தான் செம்மண். சீட்டுகள் மண்ணின் பரப்பு. தண்ணீரில் கரைந்திருக்கும் உலோகங்கள் பிரயாணிகள். இதில் இரண்டு வகை உண்டு என்கிறாள் இக்ரா. ஒரு வகை ஏறி வந்து சீட்டில் நேராக உட்கார்ந்துவிடும். இன்னொரு வகை உட்காராது, துண்டு மட்டும் போடும். அதாவது மண்ணைத் தொடாது. தன்னைச் சுற்றித் தண்ணீரைப் போர்த்திக்கொண்டு, மண்ணுக்கும் தனக்கும் நடுவில் அந்தத் தண்ணீரை வைத்துக்கொண்டு, பிடித்தும் பிடிக்காமலும் நிற்கும். கூட்டம் இல்லாத நாளில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பஸ் நிறைந்துவிட்டது என்று நாம் நம்பிவிடுவோம்.

இப்போது கூட்டம் வருகிறது. கூட்டம்தான் உப்பு. உப்பு கரைந்தால் அதிலிருந்து வருகிற சோடியம் தனித்தனியே பார்த்தால் ஒரு பலமும் இல்லாத ஆசாமி. ஆனால் திமுதிமுவென்று வருவார்கள். துண்டை எடுத்து வெளியே எறிந்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். துண்டு போட்டவர் மறுபடி தரைக்கு, அதாவது தண்ணீருக்கு. முதலிலேயே உட்கார்ந்தவரை மட்டும் கூட்டத்தால் கிளப்ப முடியாது.

ஆகவே ஒரு உலோகம் மண்ணில் உட்கார்ந்திருக்கிறதா, துண்டு போட்டிருக்கிறதா என்று தெரியவேண்டுமானால் உப்பைப் போட்டுப் பார்க்கவேண்டும். ஈயம் அநேகமாக உட்கார்ந்துவிடுகிற ஜாதி, மேல்மலையனூர் வரை எழுந்திருக்காது. எங்கள் ஊர்ச் செம்மண்ணில் நிக்கல் பெரும்பாலும் துண்டு போடுகிற ஜாதி.*

(* தண்ணீரின் புளிப்பைப் பொறுத்தும் இது மாறும், அதையும் எழுதுங்கள் என்றாள் இக்ரா. எழுதிவிட்டேன். பஸ்ஸில் புளிப்புக்கு இடம் கண்டுபிடிக்க முடியவில்லை.)

இதைப் படித்ததும் முதன்முறையாகச் சிரித்தாள். சரி, கதை வந்துவிட்டது என்று நினைத்தேன். வந்தது உவமைதான். கதை அவள் வீட்டுக் கிணற்றடியில் இருந்தது.

4

இனி ஜாஹிதா அக்கா. இக்ராவின் அம்மா. கணவர் கௌஸ் பாஷா குவைத்தில் இருக்கிறார். மகள் காலையில் கல்லூரிக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். ஆனால் அக்கா வீட்டில் ஆள் இல்லாத நேரம் என்று ஒன்று கிடையாது. காரணம், அந்த வீட்டுப் பின்கட்டில் ஒரு நல்ல தண்ணிக் கிணறு.

எங்கள் பக்கம் தண்ணீர் இரண்டே வகை: உப்புத் தண்ணி, நல்ல தண்ணி. நாக்கில் கரித்தால் உப்பு. கரிக்காவிட்டால் நல்லது. அவ்வளவுதான் பரிசோதனை. எங்கள் தெருவில் மற்ற கிணறெல்லாம் கரிக்கும். அதனால் தெருவே குடத்தோடு அக்கா வீட்டுக்குப் போகும். தண்ணீர் எடுக்க ஆகிற நேரத்தைவிடப் பேச ஆகிற நேரம் அதிகம். யார் வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள், எந்தப் பையனுக்கு வேலை கிடைத்தது, எல்லாம் அங்கேதான் முதலில் தெரியும். பக்கத்து வீட்டு மீனம்பாள் குடத்தை நிரப்பிவிட்டு அதன் மேலேயே கை வைத்துக்கொண்டு ஒரு சீரியல் கதை முழுக்கச் சொல்வாள். நானும்தான் போவேன். என் வீட்டுக் குடிதண்ணீரும் அதுதான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் நடுநிலையான ஆசிரியன் இல்லை.

இக்ரா ஆராய்ச்சிக்காக ஊரில் பல கிணறுகளில் தண்ணீர் எடுத்தாள். எங்கள் நல்ல தண்ணியில் நிக்கல் இருந்தது. மேட்டில் ஒருகாலத்தில் முலாம் பூசுகிற பட்டறை ஒன்று நடந்து மூடப்பட்டது. அங்கே கழுவி ஊற்றியது மண்ணுக்குள்ளேயே நடந்து வந்திருக்கவேண்டும் என்றாள். நிக்கலுக்கு ருசி கிடையாது. எங்கள் நாக்கு நல்லது என்று தீர்ப்பெழுதிக்கொண்டே இருந்தது. மீனம்பாள் பேத்திக்குக் கையெல்லாம் அரிப்பு, சோப்பை மூன்று தடவை மாற்றினார்கள்.

[இந்த இடத்தில் 'நல்லது என்ற சொல்லே ஒரு பொய்' என்று ஒரு வாக்கியம் எழுதி அடித்துவிட்டேன். சொல் என்ன செய்யும் பாவம்.]

5

மார்கழிக்கு நாலைந்து மாதம் முன்பே இக்ரா ஒரு நீல டிரம் வாங்கியிருந்தாள். தொண்டூர் செம்மண்ணை உருட்டி, லேசாகச் சுட்டு, கோலிக்குண்டு மாதிரி ஆக்கி நிரப்பினாள். கிணற்றுத் தண்ணீரை மேலே ஊற்றினால் கீழே குழாயில் நிக்கல் இல்லாத தண்ணீர் வரும். வந்தது. கல்லூரியில் சோதித்தாள், வீட்டில் சோதித்தாள், வந்துகொண்டே இருந்தது. தெரு முழுக்கக் கிணற்றுத் தண்ணீரை விட்டு டிரம் தண்ணீருக்கு மாறியது. விஷயம் மேலே போனது. கிணற்றை மூடுவதா, டிரம்மோடு விடுவதா என்று தீர்மானிக்க, தண்ணீர்ப் பரிசோதனை செய்கிற அதிகாரி ஒருவர் தை மாதத்தில் மாதிரி எடுக்க வந்தார்.

அவர் வருவதற்கு முன்னால் ஜாஹிதா அக்கா ஒரு காரியம் செய்தாள்.

என் முதல் பிரதியில் இந்த இடத்தில் அக்காவைச் சற்று அப்பாவியாக எழுதியிருந்தேன். 'விவரம் அறியாத அந்தத் தாய்' என்றுகூட ஒரு தொடர் இருந்தது. இக்ரா வீட்டில் அதைப் படித்துக் காட்டியிருக்கிறாள். மறுநாள் அக்கா கிணற்றடியில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா அன்பு, என்ன லூசாட்டம் எழுதி வச்சிருக்கிற? தெருவே அந்த டிரம்ம வாயப் பொளந்து பாக்குது. என் பொண்ணு மேல கண்ணு படாதா? நீ இருந்தா சுத்திப் போட மாட்ட?"

போடுவேன். அதனால் திருத்தி எழுதுகிறேன். எல்லாம் அறிந்த அந்தத் தாய், கண் பட்டால் நாம் என்ன செய்வோமோ அதைத்தான் செய்தாள். கல்லுப்பைக் கையில் எடுத்து, பிஸ்மி சொல்லி, மூன்று சுற்றுச் சுற்றி, தண்ணீரில் போட்டாள். உப்பு கரைகிற மாதிரி கண்ணும் கரைந்து போகும். பிள்ளைக்கு ஒரு பிடி போதும். இது இத்தனை பெரிய டிரம், இதற்கு ஒரு பிடி எம்மாத்திரம் என்று பாக்கெட்டையே பிரித்துக் கொட்டிவிட்டாள். சொம்பில் போட்டுத் தெருவில் ஊற்றியிருந்தால் இந்தக் கதையே இல்லை. டிரம்முக்குள்ளேயே தண்ணீர் இருக்கும்போது தனியாக எதற்கு ஒரு சொம்பு?

அதிகாரி மாதிரி எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு முழுக்கக் குழாய்த் தண்ணீர் கரித்தது. உப்புத் தண்ணி என்று எல்லோரும் முகம் சுளித்துக் கீழே ஊற்றிவிட்டார்கள். எங்கள் நாக்கு வாழ்க்கையில் ஒரு தடவை சரியாக வேலை செய்தது.

6

மாசியில் முடிவு வந்தது. டிரம்மிலிருந்து வந்த தண்ணீரில், கிணற்றில் இருப்பதைவிட நிக்கல் அதிகம். பல மடங்கு அதிகம்.

இக்ரா பேப்பரை எடுத்துக்கொண்டு நேராக என் கடைக்கு வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். அழவில்லை. நகத்தால் மேஜையைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். முடிவில் இன்னொரு வரியும் இருந்தது: உப்பும் மிக அதிகம். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டாள். அம்மா ஒளிக்கவில்லை. சுத்திப் போட்டேன், அதற்கென்ன என்றாள்.

உங்களுக்கு இந்நேரம் பஸ் நினைவுக்கு வந்திருக்கும். மாதக்கணக்காக டிரம்முக்குள் துண்டு போட்டு வைத்திருந்த நிக்கல் மொத்தத்தையும், ஒரு பாக்கெட் கல்லுப்பு ஒரே காலையில் வெளியே எறிந்துவிட்டது.

தப்பு நடந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தால் பங்குனிக்குள் மறுபடி மாதிரி எடுக்க வருவதாக அதிகாரி சொன்னார். உப்புப் போடாத டிரம் நிச்சயம் பாஸாகும். கிணறு பிழைக்கும். இதைவிடச் சுலபமான கதை உண்டா? சந்தோஷமாக எழுத உட்கார்ந்தேன்.

7

முடிவு ஒன்று: 'அதிகாரி புன்னகையோடு கையெழுத்திட்டார். கிணற்றடியில் குடங்கள் கலகலவென்று ஒலித்தன. ஜாஹிதா அக்கா எல்லோருக்கும் சேமியா பாயசம்...'

இக்ரா படித்தாள். பாயசம் வரை வந்து நிறுத்தினாள்.

"சித்திரைய எழுதலியே அண்ணா."

"எந்தச் சித்திரை?"

"வெயில்ல கிணறு வத்தும்போது நம்ம நல்ல தண்ணியே கரிக்குமே, மறந்துட்டீங்களா? வருசா வருசம் நீங்கதான இன்னாடா காபி கரிக்குதுன்னு கத்துவீங்க. அம்மா போட்ட உப்ப அப்ப கிணறே போடும். பாக்கெட் அளவுக்கு இருக்காது. கொஞ்சங் கொஞ்சமா கக்கும். நாக்குக்குக்கூடத் தெரியாது."

எனக்குக் கோபம் வந்தது. இவளிடம் இல்லை, சித்திரை மாதத்தின் மேல். என் கதை பாயசத்தில் முடிந்திருக்கும்.

(புத்திசாலி வாசகர் ஒருவர் கை தூக்குகிறார்: சித்திரைக்கு முன் உருண்டைகளை மாற்றிவிடலாமே? நானும் அதைத்தான் கேட்டேன். எந்த வாரத்தில் உப்பு ஏறும் என்று கிணறு தபால் போடுமா என்று திருப்பிக் கேட்டாள். ஒரு வாரம் பிந்தினால் மீனம்பாள் பேத்தி குடித்திருப்பாள்.)

முடிவு இரண்டு: 'கிணறு மூடப்பட்டது.'

இது நல்ல வாக்கியம். சுருக்கமானது. ஆனால் இதற்கு மேல் என் பேனா ஓடவில்லை. ஏனென்றால் இக்ரா தன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னபோது (பஸ் கதையையும் சொன்னாளாம், என் எழுத்துக்கு இதுவரை கிடைத்த பெரிய மரியாதை அதுதான்) அக்கா இரண்டே கேள்வி கேட்டிருக்கிறாள். சித்திரையில் நிஜமாகவே கக்குமா என்பது முதல் கேள்வி. கக்கும் என்று மகள் சொன்னாள். இரண்டாவது கேள்வியை மகள் என் கடைக்கு எடுத்து வந்தாள். அக்கா கேட்டது இதுதான்:

"கிணத்த மூடிட்டா எவ என் வூட்டுக்கு வருவா?"

8

ஆகவே நடந்ததை எழுதுகிறேன். கற்பனைக்கு இங்கே வேலை இல்லை.

பங்குனியில் ஒரு காலை அதிகாரி பாட்டில்களோடு வந்தார். டிரம்மை மூன்று வாரமாகக் கிணற்றுத் தண்ணீரால் அலசி ஓடவிட்டிருந்தார்கள். கரிப்பு துளியும் இல்லை. குடங்கள் வரிசையில் நின்றன, என்னுடையது நான்காவது. இக்ரா சுவரோரம் நின்றாள். கிணறு உன்னோடது, நீயே பார்த்துக்கொள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டிருந்தாள். சொன்னாளே தவிர, நின்ற இடத்தில் நிற்க முடியாமல் துப்பட்டாவின் நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

அதிகாரி குழாயருகே குனிந்தார்.

"கொஞ்சம் இருங்க சார்" என்றாள் அக்கா.

உள்ளே போனாள். வரும்போது கையில் ஒரு பாக்கெட் கல்லுப்பு. எனக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறந்து தடுக்கவேண்டும் என்றிருந்தது. நான்காவது குடம் என்னுடையது, முன்பே சொன்னேன். அக்கா பாக்கெட்டைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். டிரம்மை நகர்த்தவா முடியும், அவளே அதைச் சுற்றினாள். ஒன்று. இரண்டு. மூன்றாவது சுற்றில் கிணற்றுக்குப் பக்கத்தில் வந்தபோது ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு மொத்தத்தையும் கொட்டினாள்.

"இன்னாம்மா இது?" என்றார் அதிகாரி.

சித்திரை மாதம் போடப்போவதைத்தான் இப்போதே போட்டிருக்கிறேன், ஒரு மணி நேரம் கழித்துப் பிடித்துக்கொள்ளுங்கள், அதற்குள் டீ போடுகிறேன் என்று அக்கா சொன்னாள். டீக்குக் கேன் தண்ணி வாங்கி வைத்திருப்பதாகவும் சொன்னாள்.

மீனம்பாளுக்குத் தாங்கவில்லை. இப்படிக் கிணற்றைக் கையாலேயே கொன்றுவிட்டாயே என்று தலையில் கை வைத்தாள்.

"கண்ணு பட்டா சுத்திப் போட்டுடலாம் மீனா" என்றாள் அக்கா. "பழி பட்டா எத்தச் சுத்திப் போடறது?"

9

கிணற்றின் மேல் இப்போது கான்கிரீட் பலகை இருக்கிறது. எங்கள் தெருவில் புதிதாக ஒரு குழாய் போட்டிருக்கிறார்கள், ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். குட வரிசை அங்கே போய்விட்டது. சீரியல் கதையும் அங்கே போய்விட்டது. யாரும் கெட்டவர்கள் இல்லை. குடம் எங்கே நிறையுமோ அங்கேதான் கால் போகும்.

இக்ரா தன் ஆராய்ச்சியில் டிரம் தோற்றதை ஒரு தனி அத்தியாயமாக எழுதியிருக்கிறாள். உப்பு உபயம் அம்மா என்று அதில் போட முடியாதது அவளுக்கு வருத்தம். போன வாரம் ஜெராக்ஸ் எடுக்க வந்தவள் என் கையெழுத்துப் பிரதியின் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு எச்சரித்தாள்: "நடுவுல தண்ணி இருந்த வரைக்கும்தான் தெரு அம்மாகிட்ட ஒட்டியிருந்துச்சு, அது இதுன்னு ஏதாவது எழுதிடாதீங்க அண்ணா. அசிங்கமா இருக்கும்." எழுதமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். நான் எழுதவில்லை. அவள் சொன்னதைச் சொன்னேன், அவ்வளவுதான்.

நகல்களை அடுக்கிக்கொண்டு வாசல் வரை போனவள் திரும்பினாள். அம்மா இப்போதெல்லாம் மத்தியானத்தில் டிவியைச் சத்தமாக வைத்துக்கொள்கிறாள் என்றாள்.

இந்தக் கதைக்கு முடிவு வேண்டும் என்று நேற்று மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு ஜாஹிதா அக்கா வீட்டுக்குப் போனேன். இத்தனை வருஷமாகப் போகிற வீடு. ஆனால் குடமில்லாமல் போவது இதுதான் முதல் தடவை. இடது கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பாக்கெட்டில் விட்டேன், எடுத்தேன், மறுபடி விட்டேன். உள்ளே டிவி சத்தம். கதவைத் தட்டினேன். சத்தம் நின்றது.

அக்கா கதவைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள்.

"இன்னா அன்பு, குடத்த மறந்துட்டியா?"

நான் என்ன பதில் சொன்னேன் என்பதை எழுதப்போவதில்லை. கோட்டை பார்க்க எல்லோரும் செஞ்சிக்கு வருகிறீர்கள். வரும்போது தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் கேளுங்கள், வீட்டைக் காட்டுகிறேன். வெறுங்கையோடு போய்த் தட்டுங்கள். உங்களிடமும் எதற்கு வந்தீர்கள் என்று கேட்பாள். பதிலை இப்போதே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.